மிஸ் அமெரிக்காவும் பில்கோ டிவியும்: நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். அமெரிக்க டிவி, ரேடியோ கம்பெனியான பில்கோவின் பழைய டிவி செட் ஒன்றைப் பிரித்துக் காட்டிய பதிவைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "மிஸ் அமெரிக்கா அழகி பில்கோ டிவி பக்கத்தில் நிற்கிற விளம்பரம் பார்த்தேன். அந்த செட்களில் ஏதாவது விசேஷம் உண்டா, இல்லை பெயர் மட்டும்தானா?" கேள்வி வந்ததிலிருந்து என் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

உள்ளே விசேஷம் எதுவும் இல்லை. மற்ற செட்களில் இருக்கிற அதே மாதிரி வால்வுகள், அதே மாதிரி படக்குழாய். விசேஷமெல்லாம் விற்ற விதத்தில்தான்.

1954 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மிஸ் அமெரிக்கா போட்டிதான் முதன்முதலாக நாடு முழுக்க நேரடியாக ஒளிபரப்பானது. ஒளிபரப்பியது ஏபிசி டிவி நிறுவனம், ஸ்பான்சர் பில்கோ. நடுவர்களில் ஒருவர் நடிகை கிரேஸ் கெல்லி, ஜெயித்தவர் லீ மெரிவெதர். சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். அப்போது அமெரிக்க வீடுகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் டிவி இருந்தது.

நான் அடிக்கடி சொல்வதுதான், இங்கேயும் சொல்கிறேன். சோப்பு கம்பெனி ஸ்பான்சர் செய்தால், டிவி வைத்திருப்பவரிடம் சோப்பு விற்கும். டிவி கம்பெனிக்கு டிவி இல்லாதவரும் வேண்டும். அவர் அடுத்த வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நமக்கும் ஒன்று வாங்கணும் என்று எழுந்து போக வேண்டும். அங்கே நிகழ்ச்சியேதான் சரக்கு.

1949-ல் நகைச்சுவை நடிகர்கள் சிட் சீசரும் இமோஜின் கோகாவும் கலக்கிய, அட்மிரல் என்ற டிவி கம்பெனி ஸ்பான்சர் செய்த 'அட்மிரல் பிராட்வே ரெவ்யூ' டிவி நிகழ்ச்சி எப்படி முடிந்தது தெரியுமா? கூட்டம் குறைந்து நிற்கவில்லை. அட்மிரல் செட்டுக்கு ஆர்டர் குவிந்து, நிகழ்ச்சிக்குப் போடும் பணத்தைத் தொழிற்சாலையை விரிவாக்கப் போட வேண்டிய நிலை வந்தது. சில மாதத்திலேயே நிறுத்திவிட்டார்கள்! எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுக்காது.

பில்கோவுக்கும் பிரபலங்களைப் பிடிப்பது புதிதல்ல. 1946-லேயே பாடகர் பிங் கிராஸ்பியை வைத்து ரேடியோ நிகழ்ச்சி நடத்தியவர்கள். ஆனால் பெயர் கடைக்குள் கூட்டி வரும், அவ்வளவுதான். 1958-ல் வந்த பில்கோவின் பிரெடிக்டா டிவியைப் பாருங்கள். படக்குழாய் பெட்டிக்கு மேல் தனியாக நின்று இப்படியும் அப்படியும் திரும்பும். அத்தனை அழகு! உள்ளே சர்க்யூட் போர்டு தொல்லை கொடுத்தது. 1961-ல் பில்கோவையே ஃபோர்டு வாங்கிவிட்டது.

அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: அப்படி ஒரு செட் கிடைத்தால் உடனே பிளக்கைச் சொருகலாமா? கூடவே கூடாது. பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். காகித கண்டன்சர்களின் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சின்ன உருளைகள்) நுனியில் மெழுகு வழிந்து, தூசி ஒட்டிக் கறுத்துப் போயிருக்கும். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே மின்சாரம் லீக் ஆகும். முதலில் அவற்றை மாற்றணும். அந்தக் காலத்து செட்கள் பலவற்றில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, சேசிஸை, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். பிளக்கை உருவிய பிறகும் படக்குழாயின் ரப்பர் மூடிக்கு அடியில் மின்சார சார்ஜ் தேங்கி நிற்கும். அதை எப்படி இறக்குவது என்று அடுத்த பதிவில் செய்தே காட்டுகிறேன்.