கணக்குக் கொப்பி யாருடைய கையில்?

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரைக்கு என்னை அழைத்தபோது 'இளைஞர் கழகங்களும் ஆளுமை விருத்தியும்' என்று ஒரு தலைப்புத் தந்தார்கள். நல்ல தலைப்புத்தான். ஆனால் ஆளுமை விருத்தி என்று தொடங்கினால் உங்களில் பாதிப்பேர் வானொலியைக் குறைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். அதனால் நான் இரண்டு கொப்பிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று கூட்ட அறிக்கைக் கொப்பி. மற்றது கணக்குக் கொப்பி.

உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முன்னுக்கு விறாந்தை. நீட்டு மேசை, இரண்டு பக்கமும் வாங்கு. பிரதேச சபை எடுத்துத் தருகிற பத்திரிகைகள். மூலையில் ஒரு அலுமாரி, அது பூட்டியிருக்கும். திறப்பு செயலாளர் வீட்டில் இருக்கும். செயலாளர் கொழும்புக்குப் போயிருப்பார். சிரிக்கிறீர்களோ? அந்த அலுமாரிக்குள்தான் நான் சொன்ன இரண்டு கொப்பிகளும் இருக்கின்றன. ஊருக்குள் ஒரு பதினெட்டு வயதுக்காரர் பழகக்கூடிய முக்கால்வாசி விஷயம் அந்தக் கொப்பிகளில்தான் இருக்கிறது என்பது என்னுடைய கட்சி.

எங்கள் ஊர்களில் இளைஞர்களுக்கு வேலை தருவதில் குறையே இல்லை. கோயில் திருவிழா வந்தால் தண்ணீர்ப்பந்தல் போடுவது அவர்கள்தான். சிரமதானம் என்றால் மண்வெட்டி அவர்கள் கையில். கதிரை அடுக்குவது, கொட்டில் போடுவது, வலை கட்டுவது, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் அவர்களே. கூட்டம் தொடங்கியதும் பாருங்கள், முன்வரிசையில் நாங்கள், அதாவது அறுபது தாண்டியவர்கள். பெடியள் மதிலில் சாய்ந்து நிற்பார்கள். வேலை அவர்களுக்கு, கையெழுத்து எங்களுக்கு. விளையாட்டுக் கழகம் என்று பெயர்ப்பலகை இருக்கும், நிர்வாகத்தில் விளையாடுகிற வயதில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1924இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தொடங்கியதே, பிறகு இளைஞர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றதே, அதை நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்களும் இளம் ஆசிரியர்களும். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது முன்னின்று வரவேற்றவர்கள் இவர்கள். தீண்டாமைக்கு எதிராகப் பேசினார்கள். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று இவர்கள் எடுத்த முடிவு சரியோ பிழையோ என்று இன்றைக்கும் வாதாடலாம், நானும் வாதாடுவேன், ஆனால் இன்றைக்கு அது பேச்சில்லை. மாநாடு கூட்டினார்கள், தீர்மானம் எழுதினார்கள், பிரேரித்தார்கள், ஆமோதித்தார்கள், வாக்கெடுத்தார்கள். யாரும் பெரியவர் வந்து எழுதிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டிய விஷயம்.

சரி, கணக்குக் கொப்பிக்கு வருவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு கழகம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே வருடா வருடம் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி வைப்பார்கள். ஓவர் கேம். வெளியூர் நேயர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் ஊர்களில் கரப்பந்தாட்டம் இரண்டு விதம், செற்றப் வேறு, ஓவர் கேம் வேறு. இரண்டில் எது நல்லது என்று கேட்டு யாரும் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம், அந்தச் சண்டை இன்றைக்கு முடியாது. அந்த வருடம் பொருளாளர் பதவிக்கு ஆள் இல்லை. ஏ.எல்., அதாவது உயர்தரப் பரீட்சை, எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த ஒரு பிள்ளையைப் போட்டார்கள். வர்த்தகப் பிரிவு. இலாப நட்டக் கணக்கைக் கரைத்துக் குடித்தவள். ஆனால் ஒலிபெருக்கிக்காரர் பற்றுச்சீட்டுத் தரமாட்டார் என்பது அவளுடைய பாடப்புத்தகத்தில் இல்லை.

பந்தல்காரரும் தரவில்லை. சோடாக் கடைக்காரர் சிகரெட் பெட்டி மட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு ஒற்றைறூள் கொப்பி வாங்கி, காசு கொடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் திகதி, என்னத்துக்கு, எவ்வளவு என்று தானே எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வைப்பித்தாள். ஒலிபெருக்கிக்காரர் முதலில் சிரித்தாராம். 'பிள்ளை, என்னை நம்பேல்லையோ?' என்று கேட்டிருக்கிறார். 'உங்களை நம்புறன் அண்ணை, கூட்டத்திலை என்னை நம்பவேணுமே' என்றாளாம். சோடாக்காரருடைய மட்டையைக்கூட எறியாமல் கொப்பியில் ஒட்டி வைத்தாள்.

பொதுக்கூட்டம் வந்தது. நானும் போயிருந்தேன். வரவேற்புரை, தலைமையுரை, அது இது என்று முடிந்து பொருளாளர் எழும்பிக் கணக்கை வாசித்தாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, கொப்பியைப் பிடித்த கை நடுங்கவில்லை. வாசித்து முடிய முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பாரே, அவர்தான், எழும்பினார். 'பிள்ளை, சோடாக் கணக்கு ரண்டு தரம் வருது. அது எப்பிடி?' சபை அமைதியாகிவிட்டது. பக்கத்தில் இருந்த தலைவர் இரக்கப்பட்டு, 'சின்னப் பிள்ளை, அதை விடுங்கோ, நான் பிறகு விளங்கப்படுத்துறன்' என்றார்.

நேயர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். எங்களுடைய கழகங்கள் பழுதாவது இந்த இடத்தில்தான். அன்பினால் பழுதாக்குகிறோம். 'சின்னப் பிள்ளை, விடுங்கோ' என்று சொன்னால் அந்தப் பிள்ளை காப்பாற்றப்பட்டுவிடும், வேறொன்றும் நடக்காது.

அவள் விடவில்லை. 'இல்லை மாமா, கேக்கட்டும்' என்று சொல்லிவிட்டு ஒற்றையைப் புரட்டினாள். 'முதலாவது சோடாக் காசு. ரண்டாவது, உடைஞ்ச போத்தலுக்குக் கட்டின காசு. கடைக்காரர் கையெழுத்து வைச்சிருக்கிறார், வந்து பாருங்கோ.' அந்தப் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, 'சரி' என்று ஒரு சொல். வேறொன்றும் சொல்லவில்லை, போய் இருந்துவிட்டார். அடுத்த நிர்வாகத் தெரிவில் கணக்குப் பரிசோதகராக அவரையே போட்டார்கள். பிரேரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பிள்ளைதான். கேள்வி கேட்கிறவரை உள்ளே எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் அதைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், கணக்குக் கொப்பியை இளையவர்கள் கையில் கொடுங்கள். கொடுத்தபிறகு பறிக்காதீர்கள். பிழை விட்டால் கூட்டத்தில் கேளுங்கள், வீட்டுக்குப் போய்த் தாய்தகப்பனிடம் சொல்லாதீர்கள்.

அறிக்கைக் கொப்பியும் அப்படித்தான். இரண்டு மணித்தியாலம் எல்லாரும் கத்திய கூட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தில் அதே ஆட்கள் முன்னால் வாசித்து, 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று ஒருவர் எழும்பும்போது நின்று பதில் சொல்வது இலேசான காரியமில்லை. அதைச் செய்தவருக்கு எந்தக் கந்தோரில் எந்த நேர்முகப் பரீட்சையும் பயமாக இருக்காது.

கைவேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அந்தப் பட்டப் போட்டியை நடத்துவது ஊர்ச் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும்தான். மூங்கிலைச் சமனாகச் சீவ வேண்டும், முச்சை, அதாவது பட்டத்தை நூலோடு இணைக்கிற கட்டு, சரியாகக் கட்ட வேண்டும், காற்றில் ஒலி எழுப்புகிற விண் பூட்ட வேண்டும். முச்சை ஒரு விரல்கடை பிழைத்தால் பட்டம் குத்துக்கரணம் அடிக்கும். ஆளுக்கொரு வேலை, ஆனால் ஏற்றுகிற நேரம் ஒருவர் சொல்வதைத்தான் மற்றவர்கள் கேட்க வேண்டும். அந்த ஒருவர் வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்றில்லை, காற்றுத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். கனடாவிலும் சுவிஸிலும் இலண்டனிலும் இருந்து இந்த ஒலிபரப்பைக் கேட்கிற எங்கள் உறவுகள் கோபிக்கக் கூடாது. நீங்கள் அனுப்புகிற காசில் எத்தனையோ நிலையங்கள் எழும்பியிருக்கின்றன. மாபிள் போட்ட நிலம், மாடி, வாசலில் பெயர்க்கல். நல்லது. ஆனால் கட்டடம் முழுதாக வந்து இறங்கினால், அதைக் கட்டுவதற்காகக் கூடிப் பேசி, வீடு வீடாகப் போய்ச் சேர்த்து, சீமெந்துக்கு விலை கேட்டு, மேசனோடு வாக்குவாதப்பட்டு ஊர்ப் பெடியள் பழகியிருக்க வேண்டியதெல்லாம் பழகாமலே போய்விடும். திறப்புவிழா முடிந்து மூன்றாம் மாதம் கரண்ட் பில் கட்ட ஆள் இருக்காது. என்னுடைய யோசனை, பாதியை அனுப்புங்கள். கணக்குக் கொப்பியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள். கொப்பியை எழுதுகிறவருக்கு இருபத்தைந்து வயதுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போடுங்கள்.

பெண்பிள்ளைகள் கழகத்துக்கு வருவதில்லை என்று ஒரு முறைப்பாடு. கூட்டத்தை இரவு ஏழரைக்கு வைத்தால் எந்தத் தாய் அனுப்புவாள்? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வையுங்கள், ரியூசன் நேரத்தைப் பார்த்து வையுங்கள். நான் சொன்ன பொருளாளர் வந்தது அப்படித்தான். அடுத்தது, ஒரே ஊருக்குள் குறிச்சிக்கு ஒரு நிலையம் ஏன் இருக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரியும், தெரியாததுபோல இருக்கிறோம். சாதிதான். பெயர்ப்பலகையில் எழுதுவதில்லை, அவ்வளவுதான். இரண்டு குறிச்சிப் பெடியளும் சேர்ந்து ஒரு அணியாக விளையாடினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, பெரியவர்களுக்குத்தான் இரவு நித்திரை வராது.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் நின்று கை காட்டுகிறார். போதைப்பொருள் பற்றியும் தொழிற்பயிற்சி பற்றியும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், சோடாப் போத்தல் கதை அந்த நேரத்தை விழுங்கிவிட்டது. ஒன்றை மட்டும் விரைவாகச் சொல்கிறேன். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் இளைஞர் கழகம் ஒன்றைப் பதிவு செய்யலாம். 13 முதல் 29 வயது வரையானவர்களுக்குத்தான் அங்கத்துவம், ஆகவே எங்களைப் போன்றவர்கள் தலைவராக வர வழியே இல்லை, அதற்காகவே எனக்கு அந்த முறை பிடிக்கும். உங்கள் பிரதேச செயலகத்தில் இளைஞர் சேவை அதிகாரி இருப்பார், போய்க் கேளுங்கள். தம்பி, தங்கச்சி, நீங்களே போங்கள், பெரியவர்களை அனுப்ப வேண்டாம். போகும்போது ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.