"புதிதாக ஒன்றும் இல்லை": ஒரு வரி பதிலுக்காக எழுதும் சின்ன ஸ்கிரிப்ட்

(திரையில்: கருப்பு டெர்மினல், மின்னும் கர்சர்)

2024 மார்ச் 29. தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று துருவிக்கொண்டிருந்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதை உலகத்துக்குச் சொன்னார். கதவு உள்ளே இருந்த முதல் வெளியீடு 5.6.0. அது வந்தது பிப்ரவரி 24-ஆம் தேதி. கிட்டத்தட்ட ஐந்து வாரம் கதவு உள்ளேயே இருந்திருக்கிறது!

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. அந்தக் கதவைத் திறந்துவிடும் துண்டு, எழுதிய கோடைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகப் பதிவேற்றிய டார் ஃபைலில், அதாவது பல ஃபைல்களைக் கட்டிய மூட்டையில், மட்டும்தான் இருந்தது. அதனால் கோடு எழுதும் இடத்தை மட்டும் கவனித்தால் போதாது, ஃபைல் வந்து இறங்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். என்ன வந்தது, எப்போது வந்தது என்று நமக்கே ஒரு பதிவு வேண்டும். இன்றைக்கு எழுதப்போகும் ஸ்கிரிப்ட் அதற்குத்தான்: புதிதாக ஏதாவது வந்ததா என்று பார்த்து, வரவில்லையென்றால் "புதிதாக ஒன்றும் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லும்.

பின்னணி ஒரே மூச்சில்: பெர்ல் மொழிக்கு சீபேன் 1995-ல் வந்தது, பைத்தானுக்கு பைபிஐ 2003-ல், ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடுக்கு என்பிஎம் 2010-ல். எல்லாமே யார் யாரோ எழுதிய மென்பொருள் குவியும் கிடங்குகள்.

ஸ்கிரிப்ட் செய்யும் வேலையும் சின்னதுதான். கிடங்கின் பட்டியலை இறக்கு, நேற்றைய பட்டியலோடு ஒப்பிடு, புதிதாக இருப்பதைச் சொல், இன்றைய பட்டியலைச் சேமித்து வை. இரண்டு பட்டியலையும் வரிசைப்படுத்திவிட்டால், ஒப்பிடும் வேலையை 'காம்' என்ற பழைய யூனிக்ஸ் கட்டளையே பார்த்துக்கொள்ளும்.

(திரையில்: பெரிய எழுத்தில் 304)

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் நிதானமாகவே போகலாம்.

பட்டியல் பல மெகாபைட் இருக்கிறது என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை முழுசாக இறக்கினால், பெரும்பாலும் நேற்றுப் பார்த்த அதே வரிகள்தான் திரும்பத் திரும்ப வரும். நமக்கு வீண், சர்வருக்குப் பாரம். இதற்கு, இணையத்தில் நாமும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியிலேயே வழி இருக்கிறது. முதல் தடவை பட்டியலைத் தரும்போது, 'ஈடேக்' என்று ஒரு சின்ன அடையாளச் சீட்டையும் சர்வர் சேர்த்துத் தரும். அடுத்த தடவை போகும்போது நாம் அந்தச் சீட்டைக் காட்டி, "என்னிடம் இது இருக்கிறது, மாறியிருந்தால் மட்டும் கொடு" என்று கேட்கிறோம். மாறவில்லையென்றால் 304 என்ற எண்ணும் சில தலைப்பு வரிகளும் மட்டும் வரும். உள்ளடக்கம் ஒரு பைட்கூட இருக்காது! ஏற்கெனவே படித்த செய்தித்தாளை மறுபடியும் கையில் திணிக்காமல், "நீங்கள் படித்ததுதான்" என்று சொல்லி அனுப்புகிற நூலகர் மாதிரி.

இந்த 304 எச்டிடிபி 1.0 காலத்திலிருந்தே, அதாவது 1996-லிருந்தே, எழுத்தில் இருக்கிறது. அப்போது தேதியைக் காட்டித்தான் கேட்க வேண்டும். ஈடேக் 1997-ல் 1.1-ஓடு வந்தது. இதையெல்லாம் கையால் எழுதத் தேவையே இல்லை. இணையத்திலிருந்து ஃபைல் இறக்கும் கர்ல் கருவியில், 2020 ஜனவரியில் வந்த 7.68.0 முதல், சீட்டைச் சேமிக்க ஒரு ஆப்ஷன், திரும்பக் காட்ட ஒரு ஆப்ஷன் என்று தயாராக இருக்கின்றன. இரண்டே ஆப்ஷன்கள், அவ்வளவுதான். தயவுசெய்து பயன்படுத்துங்கள். கிடங்கின் நகலை வைத்திருக்கும் பல மிரர் சர்வர்களைத் தன்னார்வலர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்து நடத்துகிறார்கள். குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் க்ரானில் போடும்போதும் நிமிடத்துக்கு 0 வேண்டாம். எல்லோரும் 0 போட்டால், மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுவார்கள். 17, 43 என்று ஏதாவது ஒன்றைப் போடுங்கள்.

அப்புறம், வெர்ஷன் எண். எழுத்து வரிசையில் பார்த்தால் 1.10 முந்தியது, 1.9 பிந்தியது. ஆனால் உண்மையில் 1.10-தான் புதுசு. குனு 'சார்ட்' கட்டளைக்குப் பெரிய எழுத்து 'வி' கொடுத்தால் சரியாக வரிசைப்படுத்தும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே அலைக்குறி (~) போட்டால், அது வெற்றிடத்துக்கும் முன்னால் வரும். அதனால் 1.0-க்குப் பின்னால் அலைக்குறி போட்டு 'ஆர்சி1' (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) என்று எழுதினால், அது 1.0-ஐவிடப் பழசு. ஒரே ஒரு குறி, எவ்வளவு அழகான தீர்வு!

பெயரை மட்டும் குறித்து வைக்காதீர்கள், ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஷா256 எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஒருமுறை பயன்படுத்திய ஃபைல் பெயரை பைபிஐ மறுபடி ஏற்காது. சாதாரண டைரக்டரியில் அப்படி எந்தத் தடையும் இல்லை, அதே பெயரில் வேறு ஃபைல் வந்து உட்காரலாம்.

கடைசியாக ஒரு பள்ளம். நெட் துண்டித்து வெற்றுப் பட்டியல் வந்து, அதையே நாம் சேமித்துவிட்டால், அடுத்த தடவை கிடங்கில் உள்ள எல்லாமே 'புதுசு' என்று கொட்டும். அதனால் தற்காலிக ஃபைலில் இறக்கி, காலியில்லை என்று பார்த்து, அறிவிப்பை அனுப்பி, அதற்குப் பிறகே பழைய பட்டியலை மாற்றுங்கள். நடுவில் ஸ்கிரிப்ட் செத்தால் ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம். பரவாயில்லை, ஒன்று தவறிப்போவதைவிட இது எவ்வளவோ மேல்.

(திரையில்: பழைய பட்டியல் ஃபைல் எடிட்டரில் திறக்கிறது)

சோதிக்க, சேமித்த பட்டியலில் ஏதாவது ஒரு வரியை அழியுங்கள். ஈடேக் ஃபைலையும் நீக்குங்கள், இல்லையென்றால் 304 வந்து நின்றுவிடும். இப்போது ஓட்டுங்கள். அழித்த அந்த ஒரு வரி மட்டும் திரையில் வர வேண்டும்.