முள்ளுப் புதரை வெட்டாதீங்க! மலையடிவாரக் காட்டின் நாற்றங்கால் அதுதான்

[காட்சி: காரைக்குடி வீடு, வரிசையாகத் தேக்குத் தூண்கள்]

வணக்கம். இந்தத் தூண்கள் பர்மா தேக்கு. கப்பலேறி வந்தவை. அப்படியென்றால் செட்டிநாட்டு மண்ணில் தானாக முளைக்கிற மரங்கள் எவை? அதைப் பார்க்கத்தான் பிரான்மலை அடிவாரத்துக்கு வந்திருக்கிறோம். பாரியின் பறம்புமலை இதுதான் என்பார்கள். அந்தக் கதை உங்களுக்கே தெரியும், நேராகக் காட்டுக்குள் போவோம்.

மழை மேலிருந்து அடித்து வரும் மண் மலையின் காலடியில்தான் தங்கும். மண் ஆழம், ஈரமும் கூட. அதனால் சரிவில் வளர்வதும் சமவெளியில் வளர்வதும் இங்கே கலந்து நிற்கும். இந்த மாதிரி வறண்ட குன்றுகளில் ஓடைக்கரை என்றால் மருது, நாவல். தள்ளிப் போனால் உசில், வெள்வேல். வெட்டவெளியில் ஆவாரை, விராலி.

காட்டை ஆய்வு செய்பவர்கள் கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளப்பார்கள். எத்தனை வகை என்பதோடு, ஒவ்வொன்றும் எத்தனை என்பதும் முக்கியம். இலை நிறையச் சாம்பாரை மட்டும் ஊற்றிவிட்டு, ஓரத்தில் ஒன்பது கூட்டு ஒவ்வொரு துளி வைத்தால் அதை விருந்து என்போமா?

[காட்சி: சூரைப் புதர், மிக அருகில்]

சரி, இப்போது இதைப் பாருங்கள். சூரை. முள் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. சட்டையில் மாட்டினால் கிழித்துக்கொண்டுதான் வர வேண்டும். பக்கத்தில் காரை, இதன் முள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். இரண்டின் பழத்தையும் பறவைகள் விரும்பித் தின்னும். தின்ன வந்த பறவை வேறு மரங்களின் விதையையும் எச்சத்தோடு இங்கேயே போட்டுவிடும். அந்த விதை முளைத்தால் மேலே நிழல் இருக்கிறது, சுற்றிலும் முள் இருக்கிறது. ஆடு வாய் வைக்க முடியாது. கன்று புதரைத் தாண்டித் தலை தூக்கும்போது ஆட்டுக்கு எட்டாத உயரம் வந்திருக்கும்.

எனக்கு இந்தக் காட்டிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். நர்சரி வைக்காமல், வேலி போடாமல், ஒரு பைசா செலவில்லாமல் மரம் வளர்க்கிறது இந்தப் புதர்!

அதனால்தான் சீமைக் கருவேலத்தை அழிக்கிறோம் என்று பொக்லைனைக் கொண்டுவந்து எல்லா முள்ளையும் சேர்த்து வழிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் நெற்றைத் தின்ற ஆடுமாடுகளே சாணத்தில் விதையைப் பரப்பிவிடும். அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூடவே சூரையும் காரையும் போனால் வெறும் தரைதான் மிஞ்சும், அங்கே முதலில் முளைப்பதும் மறுபடி அதே சீமைக் கருவேலம்தான்.

உங்கள் ஊரில் இந்த வேலை நடக்கப்போகிறதா? முந்தின நாளே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போய், விட வேண்டிய புதர்களில் சிவப்புத் துணி கட்டச் சொல்லுங்கள். எந்தெந்தப் புதரைக் காப்பாற்றினீர்கள் என்று கமெண்டில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.