அப்பாவும் பிள்ளையும் ஒரே மலையில் ஏறினால்

அவையில் உள்ள உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1968-ல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் அதே உயரம்தான். அங்கே 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி தெமுவுக்கு 29 நிமிடம் 27 விநாடி ஆனது. அன்றைய உலக சாதனை 27 நிமிடம் 39 விநாடி. அதை வைத்திருந்த ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். இத்தனைக்கும் அது வெறும் ஊட்டி உயரம்! நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர்.

மலையில் ஆக்சிஜன் சதவீதம் குறைகிறது என்று பலரும் சொல்கிறோம். அது தவறு. எங்கே போனாலும் காற்றில் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். மூச்சுக்குழாயில் ஈரமாகும் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் சென்னையில் ஏறக்குறைய 149 மில்லிமீட்டர் பாதரசம், லேயில் 93. சென்னையிலேயே ஓர் அறையில் நைட்ரஜனைக் கலந்து ஆக்சிஜனை 13 சதவீதத்துக்கு இறக்கினால், லேயில் இருப்பது போலத்தான்.

இந்தக் காற்றில் பிள்ளை தாங்குமா, பெரியவர் தாங்குவாரா? சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக்கில், 3,450 மீட்டரில், 20 அப்பா–பிள்ளை ஜோடிகளை உடற்பயிற்சி சைக்கிளில் முழுமூச்சாக மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு 11 வயதையொட்டி, அப்பாக்களுக்கு 44. உடல் எடுத்துக்கொள்ளும் உச்ச ஆக்சிஜன் அளவு இரு தரப்புக்கும் ஒரே மாதிரி 20 சதவீதம் இறங்கியது. உயரத்தில் வரும் தலைவலி, வாந்தி போன்ற மலைநோயும் இருவருக்கும் ஒரே அளவுதான். “பிள்ளை சின்ன உடம்பு, சமாளித்துவிடும்” என்பதற்கும் ஆதாரமில்லை, “பிள்ளைக்குத்தான் முதலில் வரும்” என்பதற்கும் ஆதாரமில்லை.

ஆனால் அந்த 20 சதவீத இறக்கத்துக்கு இருவரும் வந்து சேர்ந்த வழி வேறு. அப்பாக்களின் உச்ச இதயத்துடிப்பு மேலே போனதும் குறைந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அப்படியே நின்றது. ஆக்சிஜன் குறைந்ததும் மூச்சைக் கூட்டும் தூண்டல் பிள்ளைகளுக்குக் கீழே இருக்கும்போதே அதிகம். ஆகவே அப்பாவின் கைக்கடிகாரத்தில் உள்ள துடிப்பு எல்லையைப் பிள்ளைக்கு வைக்காதீர்கள். முழு வேகத்தில் 195, 200 என்பது 11 வயதில் சாதாரணம். அந்த எண்ணைப் பார்த்துப் பதறுவதும் வீண், எண் சரியாக இருக்கிறதே என்று அசட்டையாக இருப்பதும் ஆபத்து.

இன்னொன்று ரத்தம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்; ஒரு கிராம் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். அப்பாவுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 15 கிராம், செறிவு (அதில் ஆக்சிஜன் நிரம்பிய பங்கு) 98 சதவீதம் என்றால், ஆக்சிஜன் 19.7 மில்லி. லேயில் செறிவு 85-க்கு இறங்கினால் 17.1. பிள்ளைக்கு 12 கிராம்தான் என்றால் கீழேயே 15.8, மேலே 13.7. சோகை உள்ள பிள்ளைக்கு இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது, விலையுயர்ந்த ஷூ வாங்குவதைவிட உருப்படியான காரியம்.

கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கிய ஆக்சிமீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் அதை நம்பும் முறை தெரிந்திருக்க வேண்டும். பெரியவருக்கான கிளிப் சின்ன விரலில் நழுவும், அப்போது கட்டைவிரலில் மாட்டுங்கள். குளிரில் விரல் விறைத்திருந்தால் ரத்த ஓட்டம் சுருங்கி எண் பொய் சொல்லும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி இரண்டும் கெடுக்கும். ஓடி வந்தவுடன் மாட்டாதீர்கள். உட்காரவைத்து, கையை அசைக்காமல் ஒரு நிமிடம் பொறுத்து, எண் நிலைத்தபின் படியுங்கள்.

விமானத்தில் நேரே லேயில் இறங்கினால் முதல் இரண்டு நாள் ஓட்டமும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. பிள்ளைகள் கேட்கமாட்டார்கள், செஸ் பலகை எடுத்துப் போங்கள். மூன்றாம் நாள் நடை, அதுவும் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில். அதன்பின் விளையாட்டைச் சிறு சிறு துண்டுகளாக வையுங்கள்: கீழே ஒரு நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட ஓய்வு என்றால், மேலே ஓய்வு மூன்று நிமிடம். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளையை மேலே ஏற்றவே வேண்டாம். வேகமாக ஏறினால் பிள்ளைகளுக்கு நுரையீரல் தமனியில், அதாவது இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் குழாயில், அழுத்தம் பெரியவர்களைவிட அதிகமாகிறது. சளி அதன்மேல் ஒரு சுமை.

சின்னப் பிள்ளை தலைவலி என்று சொல்லத் தெரியாமல் சிணுங்கும். சாப்பாட்டைத் தள்ளும், விளையாட வராது, வாந்தி எடுக்கும். வழியில் தின்ற மோமோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். வேறு காரணம் உறுதியாகும்வரை மலைநோய் என்றே வைத்துக்கொண்டு, அதற்குமேல் ஏறுவதை நிறுத்துங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, ஆக்சிஜன் இருந்தால் உடனே கொடுங்கள், விடியும்வரை காத்திராமல் கீழே இறக்குங்கள். நடத்திக் கூட்டிவர வேண்டாம், தூக்கி வாருங்கள்: நடப்பதும் உடற்பயிற்சிதான்.