முன்னோர் குடித்த மது யார் வயிற்றுக்குள் போனது?

வணக்கம் நண்பர்களே. நேராகப் பாட்டுக்கே போய்விடலாம். சீனாவின் மிகப் பழைய பாடல் தொகுப்பு ஷிஜிங், மொத்தம் 305 பாடல்கள். அதில் 209ஆவது, முள்ளை வெட்டி, தினை விதைத்து, மது வடித்து, ஆடு மாடு பலியிட்டு முன்னோருக்குப் படைக்கும் ஒரு குடும்பத்தின் பாட்டு. முடிவை நெருங்கும்போது இப்படி வருகிறது: ஆவிகள் எல்லாம் குடித்து நிறைந்துவிட்டன, பெரியவர் எழுந்துவிட்டார், மணியும் முரசும் முழங்க அவரை வழியனுப்புகிறோம்.

கவிஞரின் கற்பனை என்று தாண்டிப் போய்விடுவோம், இல்லையா? ஆனால் அங்கே ஒருவர் நிஜமாகவே உட்கார்ந்து குடித்திருக்கிறார்!

பண்டைய சீனாவை ஆண்ட சோவ் வம்சக் காலத்துச் சடங்கில், இறந்த தாத்தாவின் இடத்தில் பேரன் உட்காருவான். அவனுக்கு ‘ஷி’ என்று பெயர். பாட்டில் எழுந்து போகும் ‘பெரியவர்’ இவன்தான். லீஜி என்ற சடங்கு நூல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: தாத்தாவுக்குப் பேரன் உட்காரலாம், அப்பாவுக்கு மகன் கூடாது. பேரன் கைக்குழந்தையா? யாராவது தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, பூசை செய்யும் தகப்பன் வடக்கு நோக்கி நின்று, மகன் முறையுள்ள ஒரு பையனுக்குப் பணிவிடை செய்கிறான். தகப்பனுக்கு மகன் எப்படிப் பணிய வேண்டும் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு என்கிறது அதே நூல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது யீலி என்ற இன்னொரு பழைய சடங்கு நூலில் வரும் சாப்பாட்டுக் கட்டம். ஷி மூன்று கவளம் உண்டு, போதும் என்பார். பூசகர் இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்துவார். திரும்ப மூன்று, திரும்பப் போதும். இப்படி ஒன்பது கவளம். இதைப் படித்துவிட்டுப் பாட்டுக்குத் திரும்பினால், அது பக்தி வர்ணனையாகவே தெரியாது. அன்றைய நிகழ்ச்சி நிரல் மாதிரி இருக்கும்.

248ஆவது பாட்டும் அப்படித்தான். ஜிங் ஆற்றில் காட்டு வாத்துகள், ஷி வந்து விருந்துண்கிறார். சடங்கு தெரியாவிட்டால் ஏதோ ஆற்றங்கரை விருந்து. பழைய உரைகாரர்களோ, பூசைக்கு மறுநாள் ஷிக்கு வைக்கும் நன்றி விருந்து என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அப்புறம் பழைய சீனத் தத்துவ அறிஞர் மென்சியஸ். சித்தப்பாவுக்கு மரியாதையா, தம்பிக்கா என்று ஒரு விவாதம். சித்தப்பாவுக்குத்தான். ஆனால் தம்பி ஷியாக உட்கார்ந்திருந்தால்? அப்போது தம்பிக்கு, அவன் இருக்கும் இடம் அப்படி என்கிறார். கேட்டவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. வீட்டில் பார்த்த காட்சிதானே!