மட்டையில் செய்த மாதிரி ரயில் பெட்டி வளைவில் ஏன் தடம் புரள்கிறது?

அடுத்த கேள்வி, ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் அனுப்பியது. "அண்ணா, என் மாதிரி ரயிலுக்குப் பிஸ்கட் பெட்டி மட்டையில் நாலு சக்கரச் சாமான் பெட்டி ஒன்று செய்தேன். தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். நேரான பாதையில் ஓடுகிறது, வளைவில் புரள்கிறது. பாரம் போதாதா?"

பாரமும் ஒரு காரணம்தான் தம்பி. ஆனால் முதலில் பெட்டியைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து மூலை மூலையாக விரலால் அழுத்திப் பாருங்கள். டக்கு டக்கு என்று ஆடினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. வளைவில் அதுதான் தண்டவாளத்தின் மேல் ஏறுகிறது.

நீங்கள் ஒழுங்காகத்தான் ஒட்டியிருப்பீர்கள். நம் ஊர் மூடுபனியில் மட்டை ஈரம் குடித்து முறுக்கிக்கொள்ளும். என்னுடைய முதல் பெட்டி ஜூன் மழையில் ஒரே கிழமையில் அப்பளம் மாதிரி நெளிந்துபோனது. இப்போது வெட்டுவதற்கு முன்பே வார்னிஷ் பூசிவிடுகிறேன். இரண்டு பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அதுவே வளைத்துவிடும்.

சரி, செய்த பெட்டியை என்ன செய்வது? உடைக்க வேண்டாம். ஒரு அச்சை அப்படியே விடுங்கள். மற்ற அச்சைத் தாங்கும் இரண்டு பக்கத் துண்டுகளையும் கழற்றி ஒரு சின்ன மட்டையில் ஒட்டுங்கள். காலியான பேனா ரீஃபில் துண்டொன்றைப் பெட்டியின் அடியில், நடுக்கோட்டில் நீளவாக்கில் ஒட்டி, அதற்குள் குண்டூசியை நுழைத்து, ஊசியின் இரு முனையையும் அந்த மட்டையில் பிடிக்க வையுங்கள். இப்போது அந்த அச்சு தராசு மாதிரி இரு பக்கமும் சாயும். நாலு சக்கரமும் தண்டவாளத்தில் உட்காரும்.

ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 14.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. நம் மலைநாட்டுப் பாதையின் மிக இறுக்கமான வளைவுக்கே ஆரம் 5 சங்கிலி, அதாவது 100 மீட்டர். அதை நம் மாதிரி ரயிலின் அளவுக்கு, 76இல் ஒரு பங்காக்கினால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வரும். கடையில் வாங்கும் வளைவுகளோ 40 சென்டிமீட்டர் பக்கம்தான். உண்மையான கோச்சியே அதில் புரளும்! அதனால் அச்சுகளுக்கு இடையே நீளம் கூடக் கூடாது.

பாரத்துக்கு மீன்தூண்டில் ஈயம் போதும். பெட்டியோடு சேர்த்து 50 கிராம் அளவில் வரட்டும். ஈயத்தைக் கூரையில் ஒட்டாதீர்கள், தரையில் ஒட்டுங்கள்.