எண்பது டன் கல்

வணக்கம் நேயர்களே. நான் சிங்கப்பூரில் கட்டுமான சைட்டில் லிஃப்டிங் சூப்பர்வைசர். கிரேன் கொக்கியில் எதை மாட்டினாலும் நான் முதலில் கேட்பது, “எத்தனை டன்?”

போன மாதம் டீ நேரத்தில் ஒரு தம்பி வாட்ஸ்அப்பைக் காட்டினான். தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன்னில் ஒற்றைக் கல்லாம். “அண்ணே, நம்ம டவர் கிரேன் தூக்குமா?” நம் கிரேன் கை நுனியில் மூன்று டன்னுக்கே முனகும். ஆனால் அந்த உச்சி ஒரே கல் அல்ல; பல கற்களைச் சுளை சுளையாகச் சேர்த்தது. கருவறைமேல் எழும் கோபுரமான விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும் கதைதான். கல் தரையில் கால் பொரிந்து நான் ஓடிப்போய் உட்கார்ந்ததே விமானத்தின் நிழலில்தான்.

சரி, அப்படியென்றால் வியக்க எதுவும் இல்லையா? எங்கள் தொழில்காரன் வியப்பது வேறு. கருங்கல் மலையே இல்லாத காவிரி வண்டலில், சுமார் 216 அடி உயரத்துக்குச் சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி, 1010இல் கலசம் வைத்துவிட்டார்கள். வெளியே மலைபோல் தெரியும் விமானம் உள்ளே வெற்றுக் கூடு. ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மேலிருக்கும் பாரமே கீழே இருப்பதை அழுத்திப் பிடிக்கிறது.

எப்படி ஏற்றினார்கள்? பல மைல் தள்ளியிருக்கும் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து மண்ணில் சாய்தளம் போட்டு யானை கட்டி இழுத்தார்கள் என்பார்கள். பல மைல் மண் கொட்ட எந்த மேஸ்திரி ஒத்துக்கொள்வான்? விமானத்தைச் சுற்றியே ஏறும் சாய்தளமும் மரச் சாரமும் போதும் என்பது என் கணக்கு. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. நாங்கள் கட்டும் மாடிகளில் ஏது அதெல்லாம்!

எனக்குப் புதிர் வேறு இடத்தில். கருவறைக்கு மேல்தளத்தில் சுவரைச் சுற்றிச் சிவன் ஆடும் கரணச் சிற்பங்கள், அதாவது நாட்டிய நிலைகள். மொத்தம் 108 இருக்கவேண்டும். 81 முடிந்திருக்கிறது. அதற்கப்புறம் வரிசையில் கல் மட்டும் தயாராக நிற்கிறது, சதுரமாக, மேலே உளி படாமல்.